பேக்கப் எடுத்தும் தரவு கெட்டுப்போவது எப்படி? 140 வருஷத்துக்கு முன்பே அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய உ.வே.சா.வின் கதை

பேக்கப் முடிந்துவிட்டது என்று திரையில் செய்தி வருகிறது. பிழை எதுவும் காட்டவில்லை. ஃபைல் அளவும் சரியாகத்தான் தெரிகிறது. ஆறு மாதம் கழித்து சர்வர் பழுதாகி, அந்த பேக்கப்பைத் திறந்தால்தான் விஷயம் தெரிகிறது. பெயர், முகவரி எல்லாம் இருக்கிறது. புகைப்படங்களும் கைரேகைப் பதிவுகளும் மட்டும் திறக்கவே மாட்டேன் என்கின்றன.

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஒவ்வொரு வருஷமும் மார்ச் 31-ம் தேதி உலக பேக்கப் தினம் கொண்டாடுவதே இதை நினைவுபடுத்தத்தான். ஆனால் பிரதி எடுக்கும்போது சத்தமே இல்லாமல் உள்ளடக்கம் மாறிப்போகும் இந்தச் சிக்கல், கம்ப்யூட்டர் காலத்தில் பிறந்தது இல்லை. தமிழின் பழைய நூல்கள் பல இப்படித்தான் சிதைந்தன. அதைக் கண்டுபிடித்து, முடிந்த அளவு மீட்டு, மீட்க முடியாததை முடியவில்லை என்று குறித்து வைத்தவர்களில் முக்கியமானவர் உ.வே.சாமிநாதையர்.

தமிழ்த் தாத்தா என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்போம். வீடு வீடாகப் போய் ஓலைச்சுவடி சேகரித்தவர் என்பதும் தெரியும். சேகரித்தது பாதி வேலைதான். கையில் கிடைத்த பிரதி சரியான பிரதிதானா என்று பார்த்ததுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய வேலை.

முதலில், பேக்கப்பில் என்னதான் நடக்கிறது?

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாமே எண்கள்தான். ஆனால் சில எண்களை எழுத்தாகப் படிக்க வேண்டும். சிலவற்றை அப்படியே தொடாமல் வைக்க வேண்டும். படம், ஒலி, கைரேகை போன்றவை இரண்டாவது வகை. இதைத்தான் பைனரி தரவு என்கிறார்கள்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பிரதி எடுக்கும் கருவி இரண்டாவது வகையையும் எழுத்து என்று நினைத்துக்கொள்ளும்போது. எழுத்து என்று நினைத்துவிட்டால் அதைத் திருத்தவும் ஆரம்பித்துவிடும். வரி முடிவுக் குறியை மாற்றும். தனக்குத் தெரியாத குறி வந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவிடும். கருவிக்கு இது தவறாகவே தெரியாது. அதனால் எச்சரிக்கையும் வராது.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவியில் ஹெக்ஸ்-பிளாப் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் பைனரி தரவை எண்-எழுத்துக் குறியீடாக மாற்றிப் பத்திரமாக எழுதும். போடாவிட்டால் பைனரி அப்படியே எழுத்து ஃபைலுக்குள் போய் உட்காரும். பிறகு யாராவது அந்த ஃபைலை எடிட்டரில் திறந்து சேவ் செய்தாலோ, எழுத்துமுறை மாற்றத்தோடு வேறு சர்வருக்கு அனுப்பினாலோ கதை முடிந்தது.

படங்களுக்கான பிஎன்ஜி வடிவத்தை உருவாக்கியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ஒவ்வொரு பிஎன்ஜி ஃபைலும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களோடுதான் தொடங்கும். நடுவில் இருக்கும் 13, 10 என்பது ஒரு பொறி. வழியில் எந்தக் கருவியாவது அதை வரி முடிவு என்று நினைத்து மாற்றினால், முதல் எட்டு எண்ணைப் பார்த்தவுடனே ஃபைல் கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும்.

ஓலைச்சுவடிக்கு அப்படி ஒரு பொறி இல்லை.

ஓலையில் பொன்னும் பேரனும் ஒன்று

பனையோலை கல்லோ செம்போ இல்லை. நன்றாகப் பராமரித்தாலும் இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும், நடுவில் முறியும். அதனால் பழைய ஏடு கெடும் முன் புது ஏட்டில் பிரதி எடுக்க வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் சங்க நூல் ஒவ்வொன்றும் இப்படிப் பிரதிக்குப் பிரதி, அதற்கொரு பிரதி என்று பல தலைமுறை தாண்டி வந்ததுதான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்றைக்கு இருப்பதுபோலத் தனித்தனி வடிவமும் ஏடுகளில் கிடையாது. போதாக்குறைக்கு, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் பழக்கமும் இல்லை.

இதன் விளைவு என்ன? ஒற்றைக்கொம்பு, பகரம், ஒரு கால், னகரம் என்று நான்கு குறி ஏட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொன் என்று படிக்கலாம். போன என்றும் படிக்கலாம். காலை ரகரமாக எடுத்துக்கொண்டால் பேரன் என்றும் படிக்கலாம். மூன்றில் எது சரி என்று ஓலை சொல்லாது. படிப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பிரதி எடுத்தவர்களில் பலர் கூலிக்கு எழுதியவர்கள். எழுத்து தெரியும், நூல் தெரியாது. தெரியாத சொல் வந்தால் தெரிந்த சொல்லாக்கி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நூல் முடிந்ததும் கடைசியில் எழுதி முடித்த நாளைக் குறிப்பார்கள். பேக்கப் வெற்றி என்ற செய்தி மாதிரிதான் அதுவும்.

உத்தமதானபுரத்துச் சாமா

உ.வே.சா. பிறந்தது 1855 பிப்ரவரி 19-ம் தேதி. சொந்த ஊர், பாபநாசம் பக்கத்தில் இருக்கும் உத்தமதானபுரம். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன், கூப்பிட்டது சாமா. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். நிரந்தர வருமானம் கிடையாது. கதாகாலட்சேபம் எங்கே நடக்கிறதோ அங்கே குடும்பம் போகும். அரியலூர், குன்னம் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தது. மகனும் சங்கீதம் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ தமிழ்மீதுதான் பைத்தியம். அரியலூர் சடகோபையங்காரிடம் கேட்ட பாடம் அந்தப் பைத்தியத்தை அதிகமாக்கியது.

1871-ல் மாயூரத்தில் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். சாமிநாதன் என்ற பெயரே பிள்ளை வைத்ததுதான். அன்றைய தமிழ்நாட்டில் பிள்ளையைவிடப் பெரிய புலவர் இல்லை என்ற நிலை. ஊர் ஊராகக் கோயில்களுக்குத் தலபுராணம் பாடிக் கொடுப்பார். பிள்ளை வாயால் பாடல் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள்.

உ.வே.சா.வின் பிற்கால வேலைக்கு இந்தப் பயிற்சி ரொம்ப முக்கியம். ஒரு பாடல் வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து எழுத்தாணிக்கும் போகும்போது எங்கே தவறு நுழையும் என்பது அவருக்கு இளம் வயதிலேயே கை அனுபவமாகத் தெரியும்.

காரைக்கால் பக்கத்து ஊரும் ஒரு வேளை சாப்பாடும்

காரைக்காலில் இருந்து பேரளம் போகும் வழியில் இருக்கிறது அம்பகரத்தூர். பத்ரகாளியம்மன் கோயிலால் பிரபலமான ஊர். அம்மன் அம்பாசுரனை வதம் செய்த இடம் என்பது ஊர்க்கதை. அந்தக் கதையின் இன்னொரு பாதி, பக்கத்தில் பூந்தோட்டம் சாலையில் இருக்கும் அம்பர், அம்பர் மாகாளம் தலங்களோடு சேர்ந்தது. அசுரனைக் கொன்ற தோஷம் தீர காளி அங்கே பூஜை செய்தாள் என்பார்கள்.

இந்த அம்பருக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு புராணம் பாடியிருக்கிறார். பிள்ளையோடு மாணவர் சாமிநாதனும் அந்தப் பக்கம் போயிருக்கிறார். வழியில் பசியால் வாடியதையும், அந்தப் பசி அம்பரில் தீர்ந்ததையும் வயதான பிறகு தன் வரலாற்றில் ஒரு அத்தியாயமாகவே எழுதினார்.

அப்போது அவருக்கு அம்பர் என்றால் புராணத்தில் வரும் அம்பர் மட்டும்தான். அதே ஊரைப் பற்றி அதைவிடப் பல நூற்றாண்டு பழைய பாடல் ஒன்று எங்கோ ஒரு மூலையில் ஏட்டில் கிடக்கிறது என்பது தெரியாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

1876 பிப்ரவரி 1-ம் தேதி பிள்ளை காலமானார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் உ.வே.சா.வை மடத்திலேயே வைத்துக்கொண்டார். 1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவர் இடத்துக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது வயது கிட்டத்தட்ட 25.

ஒரு முன்சீப் கேட்ட கேள்வி

அதே வருஷம் அக்டோபர் 21-ம் தேதி. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார் உ.வே.சா. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியல் சொன்னார் இளம் ஆசிரியர். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார்.

படித்ததில்லை. பிள்ளையும் இவற்றைப் பாடம் சொன்னதில்லை. தமிழில் இருப்பதையெல்லாம் படித்துவிட்டோம் என்று நினைத்தவருக்கு, தமிழின் பெரும்பகுதியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று அன்றுதான் உறைத்தது.

முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். படிக்க ஆரம்பித்தால் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை கூடவே இருந்தது. ஆனால் எது மூலப் பாடல், எது உரை, எது உரைக்குள் வரும் மேற்கோள் என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

இன்னொரு தடையும் இருந்தது. சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தில் படித்தவருக்கு அந்தச் சமயத்தின் சொற்கள் தெரியாது. தெரியாத சொல்லை எல்லாம் எழுத்துப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கலாம். அப்படித் திருத்தியிருந்தால் படங்களை எழுத்து என்று நினைக்கும் பேக்கப் கருவிக்கும் அவருக்கும் வித்தியாசம் இருந்திருக்காது.

அவர் திருத்தவில்லை, கேட்டார். கும்பகோணத்திலேயே இருந்த சமணர்கள் வீட்டுக்குப் போனார். அவர்கள் சிந்தாமணியைப் புனித நூலாகப் படித்துவந்தவர்கள். பிழை என்று தோன்றிய பல இடங்கள் பிழையே இல்லை, சமண மரபின் சொற்கள் என்று தெரிந்தது. பின்னால் மணிமேகலை வேலையின்போதும் இதேதான் நடந்தது. பௌத்தம் தெரிந்தவர் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிதாக இருந்தது. கல்லூரியில் உடன் வேலை பார்த்த பேராசிரியர் ரங்காசாரியர் ஆங்கிலத்தில் இருந்த பௌத்த நூல்களைப் படித்து விளக்கினார்.

ஒரே நூலுக்கு எதற்கு இத்தனை பிரதிகள்?

ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அதில் பிழை இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. இரண்டு இருந்தால், எங்கே வேறுபடுகின்றன என்று தெரியும். மூன்று, நான்கு இருந்தால் எது சரியாக இருக்கலாம் என்று யோசிக்க முடியும். இன்றைய சேமிப்பு அமைப்புகளும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. உ.வே.சா. அந்தக் காலத்தில் கால்நடையாகவும், மாட்டு வண்டியிலும், ரயிலிலும் போய் இதைச் செய்தார்.

பிரதிகள் ஒன்றிலிருந்து ஒன்று எழுதப்பட்டதாக இருந்தால் பயன் குறைவு. மூலத்தில் இருந்த பிழை எல்லாவற்றிலும் இருக்கும். அதனால்தான் ஒரே ஊர் ஏடுகளோடு அவர் நிற்கவில்லை. மடங்கள், பழைய புலவர் குடும்பங்கள், திருநெல்வேலிப் பக்கத்துக் கவிராயர் வீடுகள் என்று தேடினார்.

இதுதவிர அவரிடம் மூன்று சோதனைகள் இருந்தன.

முதலாவது, யாப்பு. தமிழ்ச் செய்யுளில் ஒரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ பல சமயம் தளை தட்டும், எதுகை மோனை குலையும். ஏதோ தவறு என்று காது சொல்லிவிடும். ஆனால் இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. பிரதி எடுத்தவர் கொஞ்சம் புலமை உள்ளவராக இருந்தால், யாப்பு கெடாமல் வேறு சொல்லைப் போட்டுவிடுவார். எழுத்தறியாதவர் செய்த பிழை வெளியே தெரியும். அரைகுறையாக அறிந்தவர் செய்த பிழை உள்ளே மறைந்துகொள்ளும்.

இரண்டாவது, மேற்கோள். பழைய உரையாசிரியர்கள் ஒரு நூலுக்கு உரை எழுதும்போது வேறு நூல்களிலிருந்து வரிகளை எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் எந்த நூல் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், அது வேறு வழியில் வந்த தனிப் பிரதி மாதிரி. ஏட்டில் கெட்டுப்போன வரி, உரையில் நல்லபடியாக இருக்கலாம். இதற்காகவே சொற்களுக்கும் பெயர்களுக்கும் அகராதி தயாரித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, அடிக்குறிப்பு. இரண்டு பிரதி இரண்டு விதமாகச் சொல்கிறது, எது சரி என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அப்போது ஒன்றை மேலே போட்டு, மற்றதைப் பாடபேதம் என்று கீழே கொடுத்தார். தனக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறைக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் அவரோடு வாதாட முடிவதே இதனால்தான்.

சீவக சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. கும்பகோணத்தில் வேலை, சென்னையில் அச்சகம். விடுமுறை கிடைத்தால் ரயில் ஏறிப் போய் ப்ரூஃப் பார்த்தார். காகிதத்துக்கும் அச்சுக்கும் கையொப்பம் சேர்த்துத்தான் பணம் புரட்ட வேண்டியிருந்தது. புத்தகம் வந்ததும் பாராட்டுகளோடு கண்டனங்களும் வந்தன. பிழை இருக்கிறது என்று துண்டுப் பிரசுரம் போட்டவர்கள் உண்டு. மனசு நொந்தாலும், நியாயமான பிழைகளை அடுத்த பதிப்பில் திருத்திக்கொண்டார்.

இந்த வேலையில் அவர் தனி ஆளும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், சி.வை.தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்பே ஏட்டிலிருந்து நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள். கலித்தொகையை 1887-ல் பதிப்பித்தவர் தாமோதரம் பிள்ளைதான்.

உதிர்ந்த பூக்களைத் தேடி

சிந்தாமணிக்குப் பிறகு பத்துப்பாட்டு. அதில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். உ.வே.சா.விடம் இருந்த ஏடுகளில் அந்த இடத்தில் சில பூக்களைக் காணவில்லை. வெறும் பட்டியல்தானே, சில பூ குறைந்தால் என்ன என்று விட்டிருக்கலாம். இல்லையென்றால் யாப்புக்குப் பொருந்துகிற மாதிரி வேறு பூக்களை இட்டு நிரப்பியிருக்கலாம். அதைச் செய்யக்கூடிய புலமை அவருக்கு இருந்தது. யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை.

அவர் தருமபுரம் ஆதீனத்துக்குப் போனார். மடத்துச் சுவடிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில், அந்த இடம் முழுமையாக இருந்த ஏடு கிடைத்தது. விடுபட்ட பூக்கள் திரும்ப வந்தன. 1889-ல் பத்துப்பாட்டு அச்சானபோது 99-ம் இருந்தன.

எல்லாத் தேடலும் இப்படி முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் வரகுண பாண்டியன் சேர்த்து வைத்த ஏடுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதாகிப்போன பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அதுதான் முறை என்று அவர்கள் நம்பினார்கள். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் ஏராளம். தீயில் போனது, ஆற்றில் போனது எல்லாம் போனது என்றாவது தெரியும். பிரதி எடுக்கும்போது மாறிப்போனது எவ்வளவு என்பதற்குத்தான் கணக்கே இல்லை.

இல்லை என்று சொல்வதும் பதிப்புதான்

1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை, 1903-ல் ஐங்குறுநூறு, 1904-ல் பதிற்றுப்பத்து, 1918-ல் பரிபாடல், 1924-ல் பெருங்கதை, 1937-ல் குறுந்தொகை. பட்டியல் நீளம். 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை. 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, இந்த நூல்களில் இல்லாத பகுதிகள். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எட்டுப் பத்துகளோடுதான் நூல் வெளிவந்தது. பரிபாடலில் எழுபது பாடல்கள் இருந்ததாகச் சொல்வார்கள். முழுதாகக் கிடைத்தவை 22. பெருங்கதைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. புறநானூற்றில் 267, 268-ம் பாடல்கள் இல்லை. பல பாடல்களில் வரிகள் நடுவில் அறுந்து நிற்கின்றன.

எண்களை மாற்றிப் போட்டு 398 பாடல்கள் என்று சொல்லியிருந்தால் ஓட்டை வெளியே தெரிந்திருக்காது. அப்படி நடக்கவில்லை. கிடைக்காத பாடலின் எண் அப்படியே காலியாக நிற்கிறது. சிதைந்த வரியில் புள்ளிகள் நிற்கின்றன. இங்கே ஏதோ இருந்தது, இப்போது இல்லை என்பதை வாசிப்பவருக்குத் தெரியப்படுத்துவதும் பதிப்பாசிரியர் வேலைதான்.

இன்றைய பேக்கப் கருவிகள் தோற்கும் இடமும் இதுதான். பிழை வருவது பெரிய குற்றம் இல்லை. பிழை வந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. 2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லாப் நிறுவனத்தில் ஒரு டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப்பைத் தேடினால், அதை எடுக்கும் கருவியின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் வேலையே தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியதால்தான் மற்றவர்கள் பாடம் கற்க முடிந்தது.

அவர் வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

* ஒரு பிரதி போதாது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது ஐ.டி. துறையில் சொல்லும் கணக்கு. ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்தால் பிழையும் சேர்ந்தே நகலாகும்.

* ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்துக்கும் பிரதிக்கும் எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண் எடுத்தால், ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும். யாப்பைவிடக் கண்டிப்பான காவல்காரர் இது.

* திறந்து பாருங்கள். பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, படங்களும் பைனரி பகுதிகளும் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பார்க்காதவரை அது பேக்கப் என்று சொல்ல முடியாது.

* புரியாததைத் தொடாதீர்கள். கருவிக்கு எது எழுத்து, எது எழுத்து இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹெக்ஸ்-பிளாப் மாதிரி வசதிகள் இருப்பது அதற்குத்தான்.

* எச்சரிக்கையைப் படியுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்-8 வகை ஒரு எழுத்துக்கு மூன்று பைட்தான் தாங்கும். தமிழ் எழுத்துக்கு அது போதும், எமோஜிக்குப் போதாது. கண்டிப்பில்லாத முறையில் இருந்தால் எமோஜி வந்த இடத்தோடு வாக்கியத்தையே வெட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கை வரியோடு முடித்துக்கொள்ளும்.

கடைசி நாட்கள்

தன் வரலாற்றை 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக எழுதினார் உ.வே.சா. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் மக்கள் ஊரைக் காலி செய்தபோது, அவரும் திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபெயர்ந்தார். 1942 ஏப்ரல் 28-ம் தேதி அங்கேயே காலமானார். வயது 87. சுயசரிதை முடியாமலே நின்றது. அடுத்த வருஷம் அவர் பெயரில் நூலகம் தொடங்கப்பட்டது. அவர் சேர்த்த ஏடுகளும் கையெழுத்துக் குறிப்புகளும் இன்றும் சென்னை பெசன்ட் நகரில் இருக்கின்றன. அச்சான பிறகும் ஏட்டை அவர் தூக்கிப் போடவில்லை. பதிப்பில் சந்தேகம் வந்தால் மூலத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

அம்பருக்கு வருவோம். மாணவராகப் பசியோடு அந்த ஊருக்குப் போன சாமிநாதன், 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். அதில் 385-வது பாடல் கல்லாடனார் பாடியது. பாடப்பட்டவர் அம்பர் கிழான் அருவந்தை. பசித்து வந்தவருக்கு உணவும் உடையும் கொடுத்த அம்பர்த் தலைவனைப் பற்றிய பாடல் அது. எத்தனையோ கை மாறி, எத்தனையோ முறை பிரதியாகி, அந்தப் பாடல் வந்து சேர்ந்துவிட்டது.

267-ம் 268-ம் வந்து சேரவில்லை. அவை யாரைப் பற்றியவை, எந்த ஊரைப் பற்றியவை என்று இன்று யாருக்கும் தெரியாது. எண் மட்டும் இருக்கிறது.